ஹாஜிகளின் பணப்பை: ஒரு வரலாற்றுப் பார்வை

சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் பழைய வீட்டைப் பழுது பார்த்தபோது, என் பாட்டனார் ஹஜ்ஜுக்குச் சென்ற காலத்துத் தகரப் பெட்டி ஒன்று பரணிலிருந்து இறக்கப்பட்டது. அதன் அடியில் இஹ்ராம் துணியின் மடிப்புக்குள் ஒரு பத்து ரூபாய்த் தாள் இருந்தது. இந்திய ரிசர்வ் வங்கி வெளியிட்ட தாள்தான்; அக்கால ஆளுநர் எச்.வி.ஆர். அய்யங்கார் அவர்களின் கையொப்பமும் அதில் இருந்தது. ஆனால் நிறம் நீலம். ‘ஹஜ்’ என்னும் சொல் ஆங்கில எழுத்துகளில் அச்சிடப்பட்டிருந்தது. இந்தியாவில் அச்சிடப்பட்டு, இந்தியாவிலேயே செல்லாத இந்திய ரூபாய் அது!

‘உங்கள் பாட்டனார் அதை மறந்து வைத்துவிட்டுப் போகவில்லை, வேண்டுமென்றே எடுத்து வைத்திருந்தார்’ என்று என் வாப்பா கூறினார்கள். ஏன் வைத்திருந்தார் என்பதை இக்கட்டுரையின் இறுதியில் கூறுகின்றேன். அந்தத் தாளின் கதையைத் தேடப் புகுந்தபோது, அதன் பின்னால் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ஒரு வரலாறு இருப்பது தெரியவந்தது. அயல்நாடு செல்லும் மனிதன் தன் பணத்தை எவ்வாறு கொண்டு செல்வது, சென்ற இடத்தில் அதை எவ்வாறு பெறுவது, திரும்பி வரும்வரை அதை எவ்வாறு காப்பது என்னும் கேள்விகளின் வரலாறே அது.

பயண உணவும் தவக்குலும்

ஹஜ் கடமை, அதற்குரிய சக்தி பெற்றவர் மீதே விதிக்கப்பட்டுள்ளது என்பதை நாம் அறிவோம். அந்தச் சக்தி என்பது போய்வரும் செலவு மட்டுமன்று. திரும்பி வரும்வரை வீட்டிலுள்ளோரின் செலவும் அதில் அடங்கும் என்று மார்க்கச் சட்ட அறிஞர்கள் விளக்கியுள்ளனர். ஆகவே ஹஜ் பயணத்தில் பணம் பற்றிய சிந்தனை உலக ஆசையைச் சேர்ந்ததன்று. வணக்கத்தின் நிபந்தனையையே சேர்ந்தது.

யமன் நாட்டார் சிலர் பயண உணவு எதுவுமின்றி ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு வருவதும், தாங்கள் இறைவனையே சார்ந்திருப்பவர்கள் என்று கூறிக்கொள்வதும், மக்காவுக்கு வந்த பின்னர் மக்களிடம் கையேந்துவதும் வழக்கமாக இருந்தன. பயணத்திற்கு வேண்டியதைத் தேடி எடுத்துச் செல்லுமாறு பணிக்கும் அல்பகரா அத்தியாய வசனம் இச்சூழலில் அருளப்பட்டது என இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. தவக்குல் என்பது மடியை வெறுமையாக வைத்துக்கொண்டு புறப்படுவதன்று என்பது அன்றே தெளிவாக்கப்பட்டுவிட்டது.

இஹ்ராம் அணிந்த ஆண்கள் தைத்த ஆடை அணியலாகாது. அப்படியானால் பணத்தை எதில் வைப்பது? ‘ஹிம்யான்’ எனப்பட்ட பணவாரை இடுப்பில் கட்டிக்கொள்ளலாமா என்னும் கேள்வி ஸஹாபாக்கள் காலத்திலேயே எழுந்தது. அன்னை ஆயிஷா (ரலி), இப்னு அப்பாஸ் (ரலி) முதலானோர் அதில் குற்றமில்லை என்று கூறியுள்ளனர். இன்று நம் ஹாஜிகள் இஹ்ராமின் மேல் கட்டிக்கொள்ளும் பச்சை நிற, வெள்ளை நிற வார்களுக்கு இத்துணைப் பழைமை உண்டு.

இடுப்பைத் தடவிய கைகள்

பணவார் கள்வனிடமிருந்து ஓரளவு காத்தது, அதிகாரியிடமிருந்து காக்கவில்லை. ஸ்பெயின் தேசத்து கிரனாடாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட இப்னு ஜுபைர், கி.பி. 1183இல் அலெக்சாந்திரியாத் துறைமுகத்தில் கண்ட காட்சியை மனம் நொந்து எழுதியுள்ளார். கப்பலிலிருந்து இறங்கிய ஹாஜிகள் அனைவரும் நெருக்கியடித்து நிறுத்தப்பட்டனர். சுங்கப் பணியாளர்கள் அவர்களின் மூட்டைகளைக் கலைத்தனர்; ஒளித்து வைத்த காசு உண்டா என்று இடுப்புக் கச்சைகளுக்குள்ளும் கைவிட்டுத் தேடினர். கையிலுள்ள பணம் ஓராண்டு நிறைந்ததா இல்லையா என்று கேளாமலே ஸகாத்தின் பெயரால் பணம் வசூலிக்கப்பட்டது. சுல்தான் ஸலாஹுத்தீன் அவர்களுக்கு இது தெரிந்திருந்தால் இதைத் தடுத்திருப்பார் என்று இப்னு ஜுபைர் குறிப்பிடுகின்றார்.

அதற்குச் சில காலம் முன்புவரை நிலைமை இதனினும் கொடிதாக இருந்தது. ஹாஜிகளிடம் தலைக்கு ஏழரை எகிப்திய தீனார் வரி கேட்கப்பட்டது. கொடுக்க இயலாதவர்கள் செங்கடற்கரையிலுள்ள ஐதாப் துறைமுகத்தில் வதைக்கப்பட்டனர். அந்த வரியை ஒழித்தவர் சுல்தான் ஸலாஹுத்தீன். வரியினால் வந்த வருவாயை இழந்த மக்காவின் ஆட்சியாளருக்கு ஈடாகப் பணமும் தானியமும் அனுப்ப அவர் ஏற்பாடு செய்தார். ஹாஜியின் மடியில் கைவைக்காதே என்று ஒரு மன்னர் தம் கருவூலத்திலிருந்து விலை கொடுத்த நிகழ்ச்சி இது.

கடிதமே காசானது

காசைச் சுமந்து செல்வதில் ஆபத்து உண்டு என்பதை உணர்ந்த மக்கள், காசைச் சுமக்காமலே கொண்டு செல்லும் வழியைக் கண்டனர். இங்கே ஒருவரிடம் பணத்தைச் செலுத்தி, அவர் தரும் கடிதத்தைத் தொலைதூர ஊரிலுள்ள அவருடைய ஆளிடம் காட்டி அங்கே பணம் பெறுவது அந்த வழி. இதற்கு ‘சுஃப்தஜா’ என்று பெயர்.

அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) அவர்கள் மக்காவில் மக்களிடமிருந்து திர்ஹம்களைப் பெற்றுக்கொண்டு, இராக்கில் இருந்த தம் சகோதரர் முஸ்அபுக்குக் கடிதம் எழுதித் தருவார்கள். அம்மக்கள் இராக்கில் அத்தொகையைப் பெற்றுக்கொள்வர். இதுபற்றி இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது அவர்கள் தவறு காணவில்லை என்று இமாம் இப்னு குதாமா (ரஹ்) தம் ‘அல்முஃக்னீ’ நூலில் எடுத்துக்காட்டுகின்றார்கள். பிற்கால ஃபிக்ஹு அறிஞர்களிடையே இதில் கருத்து வேறுபாடு இருந்தது. கடன் கொடுத்தவர் ‘வழியச்சம் நீங்குதல்’ என்னும் பயனை நிபந்தனையாக்கிப் பெறுகின்றாரே, அது கடனின் மேல் பெறும் ஆதாயம் ஆகாதா என்று சிலர் தயங்கினர். இருவருக்கும் நன்மை, ஒருவருக்கும் தீங்கில்லை என்று மற்றவர்கள் அனுமதித்தனர். பணம் அனுப்பும் முறை ஒவ்வொன்றிலும் யாருக்கு என்ன பயன், யார் மீது என்ன சுமை என்று கேட்டுப் பார்த்த அந்த நுட்பம் இன்றும் நமக்குத் தேவைப்படுகின்றது.

கடிதத்தின் வலிமையையும் காசில்லாத மனிதனின் நிலையையும் ஒருசேரக் கண்டவர் பாரசீகக் கவிஞர் நாசிர் குஸ்ரவ். கி.பி. 1046 முதல் 1052 வரை அவர் மேற்கொண்ட நெடும்பயணத்தில் ஐதாப் துறைமுகத்தில் மூன்று மாதங்கள் காத்திருக்க நேர்ந்தது. கையிருப்புத் தீர்ந்தது. அஸ்வான் நகரத்து நண்பர் ஒருவர், ஐதாபிலிருந்த தம் முகவருக்கு, நாசிர் கேட்பதைக் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளுமாறு ஒரு கடிதம் எழுதித் தந்திருந்தார். வேறு வழியின்றி நாசிர் அதை நீட்டினார். முகவர் மனமுவந்து வரவேற்றார். நாசிர் தம் தேவைக்கு மாவு மட்டும் பெற்றுக்கொண்டார். ரசீது அஸ்வானுக்குச் சென்றது. அவர் ஐதாபை விட்டுப் புறப்படுமுன்னரே, இன்னும் என்ன கேட்டாலும் கொடு என்று நண்பரிடமிருந்து மறுமொழி வந்து சேர்ந்தது.

பின்னர் 1051ஆம் ஆண்டின் இறுதியில், அரபுப் பாலைவனத்தைக் கடந்து அவரும் அவருடைய சகோதரரும் பஸ்ராவை அடைந்தபோது நிலைமை தலைகீழானது. அந்நகரில் நாணயம் மாற்றுவோரிடம் கைப்பொருளைச் செலுத்திவிட்டு, அவர் எழுதித் தரும் சீட்டைக் கொண்டே கடைத்தெருவில் அனைத்தையும் வாங்கும் முறை நடைபெற்று வந்தது. ஆனால் செலுத்துவதற்கு அவர்களிடம் எதுவும் இல்லை. ஒட்டகக்காரருக்கு முப்பது தீனார் கடன் வேறு. புத்தகம் வைத்திருந்த பையை விற்றுக் கிடைத்த சில திர்ஹங்களுடன் குளியலறைக் கூடத்திற்குச் சென்றனர். கந்தலாடையுடன் வந்தவர்களைக் காவலாளி உள்ளே விடாமல் விரட்டினார். பித்தர்கள் என்று எண்ணித் தெருச்சிறுவர்கள் கல்லெறிந்தனர். பிறகு அமைச்சர் ஒருவரின் உதவியால் கடன் தீர்ந்து, நல்லாடை உடுத்தி அதே கூடத்திற்குச் சென்றபோது அங்கிருந்தோர் எழுந்து நின்று மரியாதை செய்தனர்!

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே சீட்டில் வணிகம் நடந்த நகரம் அது. ஆயினும் அந்த வசதி யாருக்குக் கணக்கு இருந்ததோ அவருக்கே உதவியது. வசதிகள் பெருகும் காலத்தில் அவற்றின் வாயிலுக்கு வெளியே நிற்பவரை மறந்துவிடலாகாது என்பதை இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகின்றது.

கடற்கொள்ளையும் கள்ளிக்கோட்டைப் பள்ளிவாசலும்

நம் மண்ணோடு தொடர்புடைய ஒரு பயணியையும் நினைவு கூர்வோம். கி.பி. 1344ஆம் ஆண்டளவில் மதுரை சுல்தான் கியாஸுத்தீன் தாமகானியின் விருந்தினராக இருந்த இப்னு பதூதா, தமிழகத்திலிருந்து புறப்பட்டுக் கொல்லம் சென்று, அங்கிருந்து மேற்குக் கரையோரமாகக் கப்பலேறினார். ஹோனாவருக்கு அருகில் கடற்கொள்ளையர் அவருடைய கப்பலைச் சூழ்ந்தனர். இலங்கை மன்னர் கொடுத்த மணிகள், சேர்த்து வைத்த பொருள், ஆடைகள், பயணத்தேவைகள் யாவும் பறிபோயின. இடுப்பில் உடுத்திய ஆடையுடன் அவர் கரையில் விடப்பட்டார்.

அந்நிலையில் அவர் கள்ளிக்கோட்டைக்கு வந்து அடைக்கலம் புகுந்த இடம் ஒரு பள்ளிவாசல். மார்க்க அறிஞர் ஒருவர் ஓர் ஆடை அனுப்பினார். காழி தலைப்பாகை அனுப்பினார். வணிகர் ஒருவர் மற்றோர் ஆடை அனுப்பினார். எந்தச் சீட்டும் எந்தக் கடிதமும் இல்லாத வேளையில் ஒரு ஊரின் ஜமாஅத்தே பயணிக்குப் பணப்பையாக இருந்தது.

முகலாயர் காலத்தில் ஹஜ் கப்பல்கள் சூரத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டன. திரும்பி வரும் கப்பல்களில் ஹாஜிகளோடு வணிகர்களின் பொன்னும் வெள்ளியும் வந்தன. 1695இல் அவுரங்கசீப்பின் ‘கன்ஜே சவாய்’ என்னும் பெருங்கப்பலை ஆங்கிலக் கொள்ளையன் ஹென்றி எவரி கைப்பற்றிச் சூறையாடியதும், அதில் வந்த ஹாஜிகள் கொடுமைக்குள்ளானதும் உலகறிந்த செய்திகள். காசும் மனிதரும் ஒரே கப்பலில் இருந்ததனால் காசுக்கு வந்த ஆபத்து மனிதருக்கும் வந்தது.

இந்திய வணிகர்கள் இதற்குக் கண்டிருந்த மாற்றுவழியே ‘ஹுண்டி’. நம் தமிழில் அது ‘உண்டியல்’ ஆயிற்று. இன்று உண்டியல் என்றவுடன் நம் கண்முன் வருவது பள்ளிவாசல் வாசலில் உள்ள காணிக்கைப் பெட்டி. ஆனால் ஓரிடத்தில் கட்டிய பணத்தை மற்றோரிடத்தில் பெறுவதற்கான வணிகச் சீட்டு என்னும் பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், கொழும்பு என்று கடல் கடந்து வாழ்ந்த தமிழர்கள், இச்சொல்லை இந்தப் பொருளிலேயே வழங்கினர்.

வெறுங்கையுடன் ஜித்தாவில்

நீராவிக் கப்பல்கள் வந்த பின்னர் ஹஜ் பயணம் எளிதாயிற்று. ஏழைகளும் பெருந்தொகையாகப் புறப்பட்டனர். ஆனால் போவதற்கு மட்டும் சீட்டு எடுத்துக்கொண்டு சென்ற பலர், மக்காவிலும் மதீனாவிலும் கையிருப்பைச் செலவிட்டுவிட்டு, ஜித்தாவில் கப்பல் கட்டணத்திற்கு வழியின்றித் தெருவோரங்களில் கிடந்தனர். நோயும் பசியும் பலரைக் கொண்டுபோயின. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் தூதரகத்திற்கு இது ஆண்டுதோறும் வந்த பிரச்சினையாயிற்று. 1886இல் இந்திய அரசு தாமஸ் குக் நிறுவனத்தை ஹஜ் பயண முகவராக நியமித்தது. அந்த ஏற்பாடு 1893இல் முடிவுற்றது.

இறுதியில் 1925இல் இயற்றப்பட்ட சட்டத் திருத்தம், ஹாஜிகள் போகவரச் சீட்டு எடுக்கவேண்டும், அல்லது திரும்பும் கட்டணத்தை முன்னரே கட்டிவைக்கவேண்டும் என்று விதித்தது. திரும்பும் பணத்தைக் கையில் கொடுத்தனுப்பாமல், முதலிலேயே பிரித்து வேறிடத்தில் வைத்துவிடுவது இதன் கருத்து. அயல்நாட்டுப் பயணத்தில் பணம் பற்றிய விதிகளில் இதனினும் பெரிய விதி இல்லை என்றே கூறலாம்.

மற்றொரு நாட்டு ஹாஜிகளுக்கு வேறு வழி அமைந்தது. டச்சுக்காரர்களின் ஆட்சியிலிருந்த இந்தோனேசியத் தீவுகளின் ஹாஜிகளுக்கென நெதர்லாந்து வணிகச் சங்கம் 1926இல் ஜித்தாவில் ஒரு வங்கிக் கிளையைத் திறந்தது. அதுவே பிற்காலத்தில் சவூதி ஹாலந்தி வங்கியாக வளர்ந்தது.

வெள்ளியின் சுமை

இனி, ஹாஜிகள் கையில் புழங்கிய நாணயங்களைப் பார்ப்போம். அரபு நாட்டில் நெடுங்காலம் செல்வாக்குடன் திகழ்ந்தது, ஆஸ்திரிய அரசி மரியா தெரசாவின் உருவம் பொறித்த வெள்ளி நாணயம். அவ்வரசி 1780இல் இறந்த பின்னரும், 1780 என்னும் ஆண்டையே பொறித்து அது தொடர்ந்து அச்சிடப்பட்டது. அதன் எடை சுமார் 28 கிராம். எந்த அரசின் நாணயம் என்பதை மக்கள் பார்க்கவில்லை. பழகிய முகமும் மாறாத எடையுமே அவர்களுக்கு நம்பிக்கை அளித்தன. அதனுடன் ஆங்கிலேயரின் தங்கப் பவுனும், நம் வெள்ளி ரூபாயும் ஹிஜாஸில் புழங்கின. 1930களின் நடுவில் சவூதி அரசு தன் வெள்ளி ரியாலைப் புதிதாக வெளியிட்டபோது, இந்திய வெள்ளி ரூபாயின் எடையையும் தரத்தையுமே அதற்கு அளவாகக் கொண்டது என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

ஒரு ரியால் ஏறத்தாழ 11.66 கிராம். அப்படியானால் ஆயிரம் ரியால் பதினொன்றரைக் கிலோவுக்கும் மேல்! இத்தனை வெள்ளியை மடியில் கட்டிக்கொண்டு முதியவர் ஒருவர் எவ்வாறு மினாவுக்கும் அரஃபாவுக்கும் செல்ல இயலும்?

1952இல் நிறுவப்பட்ட சவூதி அரேபிய நாணய நிறுவனம், காகிதப் பணம் வெளியிடலாகாது என்னும் விதியுடன் பிறந்தது. ஆகவே அது 1953இல் ‘ஹாஜிகள் ரசீது’ என்னும் பெயரில் பத்து ரியால் தாள்களை வெளியிட்டது. இத்தாளுக்குரிய பத்து ரியால் எங்கள் பெட்டகத்தில் இருக்கின்றது; தாளைக் கொண்டு வருபவருக்கு அது உரியது என்னும் பொருளில் அரபியிலும், ஹாஜிகள் அறிந்த வேறு சில மொழிகளிலும் அதில் எழுதப்பட்டிருந்தது. ஹஜ் முடிந்ததும் மக்கள் அத்தாள்களைத் திருப்பிக் கொடுத்து வெள்ளி வாங்கிக்கொள்வர் என்று எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் கடைக்காரர்களும் உள்ளூர் மக்களும் அதையே விரும்பி வைத்துக்கொண்டனர். 1954இல் ஐந்து ரியால் ரசீதும், 1956இல் ஒரு ரியால் ரசீதும் வந்தன. 1961இல் முறையான காகித ரியால் வெளிவந்தது. சவூதி நாட்டுக் காகிதப் பணத்திற்கு முன்னோடி, ஹாஜிகளின் தோள் சுமையைக் குறைக்க வந்த ஒரு ரசீதே ஆகும்.

நீல நிற நோட்டு

இப்போது என் பாட்டனாரின் பெட்டிக்குத் திரும்புவோம்.

இந்தியா விடுதலை பெற்ற பின்னரும் குவைத், பஹ்ரைன், கத்தர், துபை முதலிய வளைகுடாப் பகுதிகளில் இந்திய ரூபாயே நாணயமாக இருந்தது. அங்கே தங்கம் விலை குறைவு; இங்கே விலை அதிகம். ஆகவே ரூபாய்த் தாள்கள் கள்ளத்தனமாக அங்கே சென்று தங்கமாகத் திரும்பின. அத்தாள்கள் வளைகுடா வங்கிகள் வழியாக ரிசர்வ் வங்கிக்கு வந்தபோது, அவற்றுக்கு ஈடாக இந்தியா ஸ்டெர்லிங் கொடுக்க வேண்டியிருந்தது. அந்நியச் செலாவணி நெருக்கடி நிலவிய காலம் அது. இவ்வழியை அடைக்க 1959இல் ரிசர்வ் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு, இந்தியாவுக்கு வெளியே மட்டும் செல்லும் தனித் தாள்கள் வெளியிடப்பட்டன. வளைகுடாவுக்கு ஒருவகை, ஹாஜிகளுக்கு மற்றொரு வகை.

ஹஜ் நோட்டுகள் பத்து ரூபாய், நூறு ரூபாய் ஆகிய மதிப்புகளில் வந்தன. தாள் எண்ணுக்கு முன்னால் ‘எச்.ஏ.’ என்னும் எழுத்துகள் இருந்தன. அவை சவூதி அரேபியாவில் மட்டும் மாற்றத்தக்கவை. பாகிஸ்தான் 1950லேயே இத்தகைய ஹஜ் நோட்டுகளை வெளியிடத் தொடங்கியிருந்தது. ஹஜ் கமிட்டிச் சட்டம் நம் நாட்டில் இயற்றப்பட்டதும் இதே 1959இல்தான்.

அக்காலத்தில் நம் பகுதி ஹாஜிகள் ரயிலேறிப் பம்பாய் சென்று, சாபு சித்தீக் முஸாஃபிர்கானா போன்ற இடங்களில் தங்கி, மொகல் லைன் கப்பல்களில் ஜித்தா சென்றனர். கொண்டு செல்லும் பணத்திற்கு அளவு உண்டு. அந்த அளவுக்குள் உணவு, தங்குமிடம், போக்குவரத்து, குர்பானி அனைத்தும் அடங்கவேண்டும். மறந்துபோய் வீட்டில் வைத்துவிட்ட பணத்தை வரவழைக்க வழியில்லை, தொலைபேசி இல்லை, அட்டை இல்லை. நீல நோட்டு தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

இந்த ஏற்பாடு நெடுங்காலம் நிலைக்கவில்லை. குவைத் 1961இலும் பஹ்ரைன் 1965இலும் தத்தம் தீனாரை வெளியிட்டன. 1966 ஜூன் 6 அன்று இந்திய ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டது, டாலருக்கு 4.76 ரூபாயாக இருந்தது 7.50 ஆயிற்று. கத்தர், துபை முதலிய நாடுகளும் அவ்வாண்டே ரூபாயைக் கைவிட்டன. ஓமன் 1970வரை வைத்திருந்தது. ஒரே இரவில், கையிலுள்ள தாளின் எண்ணிக்கை மாறாமலே அதன் மதிப்பு மாறிவிடக்கூடும் என்பதை அயல்நாட்டில் வாழ்ந்தோர் அன்று நேரில் கண்டனர்.

அட்டைக் காலம்

கப்பல்வழி ஹஜ் பயணம் 1995உடன் நின்றது. பயணக் காசோலை ஒரு காலத்தில் பெருமையாகக் கருதப்பட்டது. 1891இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் அறிமுகப்படுத்திய அம்முறையில், வாங்கும்போது ஒரு கையொப்பம், மாற்றும்போது மறு கையொப்பம். தொலைந்தாலும் ஈடு கிடைக்கும். இன்று அது ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது. 1967இல் லண்டனில் முதன்முதலாக வைக்கப்பட்ட பணம் வழங்கும் இயந்திரம் இன்று ஹரம் ஷரீஃபின் சுற்றுப்புறம் எங்கும் உள்ளது. சவூதி ரியால் 1986 முதல் டாலருக்கு 3.75 என்னும் நிலையான மதிப்பில் இருப்பதால், நம்மைப் பொறுத்தவரை ஏற்ற இறக்கம் ரூபாயின் பக்கமே. இந்திய ஹஜ் கமிட்டி பல ஆண்டுகள் ஒவ்வொரு ஹாஜிக்கும் 2,100 ரியாலைப் புறப்படும் இடத்திலேயே கொடுத்து வந்தது. 2023 முதல் அது நிறுத்தப்பட்டு, பணத்தை ஹாஜிகளே தம் தேவைக்கேற்ப ஏற்பாடு செய்துகொள்ளும் முறை வந்தது. தேர்வு நம் கைக்கு வந்துவிட்டது; அதனுடன் பொறுப்பும் வந்துவிட்டது.

என் கண்முன் நடந்த ஒன்றைக் கூறவேண்டும். நான் ஹஜ்ஜுக்குச் சென்றிருந்தபோது எங்கள் குழுவிலிருந்த முதியவர் ஒருவர், தம் ரியால் முழுவதையும் ஒரே வாரில் வைத்துக் கட்டியிருந்தார். தவாஃபின் நெரிசலில் வார் அறுந்து போயிற்று. அதைவிட அவரை வாட்டியது வேறொன்று: பணம் எடுக்கும் அட்டையும் அதே வாரில்; அட்டையின் இரகசிய எண்ணும் ஒரு காகிதத்தில் எழுதப்பட்டு அதனுடனே. எங்கள் குழுவினர் அன்றிரவே ஆளுக்கு இயன்றதைக் கொடுத்தனர். ஊரிலிருந்த மகன் அட்டையை முடக்கச் செய்தார். ஆயினும் ‘இந்த வயதில் கையேந்த வேண்டி வந்ததே’ என்று அப்பெரியவர் கண்கலங்கியதை மறக்க இயலவில்லை. கள்ளிக்கோட்டைப் பள்ளிவாசல் என் நினைவுக்கு வந்தது. யமன் நாட்டாரைப் பற்றிய செய்தியும் நினைவுக்கு வந்தது. உதவுவது ஜமாஅத்தின் கடமை. உதவி தேவைப்படாதவாறு முன்னரே ஆயத்தம் செய்வதும் அதன் கடமையே.

வரலாறு கூறும் படிப்பினைகள்

இத்துணை நெடிய வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை சிலவே.

முதலாவது, பணத்தைப் பிரித்து வைத்தல். கொஞ்சம் ரொக்கம் வாரில், கொஞ்சம் பெட்டியில், அட்டை ஓரிடத்தில், மாற்று அட்டை வேறிடத்தில், இரகசிய எண் மனத்தில். கணவன் மனைவியராகச் செல்வோர் இருவரும் தனித்தனியே சிறிது வைத்திருத்தல் நலம். நெரிசலில் பிரிந்துபோகும் பெண்ணின் கையில் வாடகை வண்டிக்குக்கூடக் காசில்லை என்னும் நிலை வரலாகாது.

இரண்டாவது, யாருக்கு என்ன ஆதாயம் என்று கேட்டல். சுஃப்தஜாவைப் பற்றி நம் இமாம்கள் கேட்ட அதே கேள்வி. அயல்நாட்டில் அட்டையைப் பயன்படுத்தும்போது ‘ரூபாயில் கணக்கிடவா, ரியாலில் கணக்கிடவா’ என்று இயந்திரம் கேட்டால், ரியாலையே தேர்க. ரூபாயில் என்றால், மாற்று விலையை அங்கேயே, பெரும்பாலும் நமக்கு நட்டமாக, நிர்ணயித்துவிடுவர். ஒவ்வொரு முறை எடுப்பதற்கும் கட்டணம் உண்டாதலால் சிறுசிறு தொகையாகப் பலமுறை எடுப்பதும் இழப்பே. புறப்படுமுன் தம் வங்கியில் இவ்விவரங்களைக் கேட்டறிதல் வேண்டும்.

மூன்றாவது, சட்டத்தை மதித்தல். உண்டியலும் ஹவாலாவும் ஒரு காலத்தில் முறையான வணிக வழிகளே. எனினும் இன்று உரிமம் பெறாதவர் வழியாக அந்நியப் பணம் மாற்றுவதும் அனுப்புவதும் நம் நாட்டில் 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி குற்றமாகும். ஒரு சில ரூபாய் மிச்சம் என்று ஹஜ் பயணத்தை அத்தகைய வழியில் தொடங்கலாமா? அவ்வாறே 60,000 ரியால் அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள பணமோ பொன்னோ கொண்டு செல்வோர் சவூதி சுங்கத்தில் அதை அறிவித்தாக வேண்டும். பிறர் கொடுக்கும் பணப்பொதியைத் தூக்கிச் செல்வோர் இதை நன்கு நினைவில் கொள்க.

நான்காவது, திரும்பும் வழியை முதலில் ஒதுக்குதல். 1925இல் சட்டம் கூறியதை இன்று நாமே நமக்குக் கூறிக்கொள்ள வேண்டும். கடைத்தெருவில் காணும் பொருள்களுக்கு எல்லையில்லை. நம் மடிக்கு எல்லை உண்டு.

நம் ஜமாஅத் ஆண்டுதோறும் ஹஜ் விளக்க வகுப்பு நடத்துகின்றது. தவாஃபும் ஸஃயும் கற்பிக்கின்றோம், அல்ஹம்து லில்லாஹ். அவ்வகுப்பில் ஒரு மணி நேரம் பணம் பற்றிய பயிற்சிக்கும் ஒதுக்கினால் என்ன? இயந்திரத்தில் அட்டையைப் பயன்படுத்த அறியாத பெரியவர்களும் பெண்களும் அட்டையையும் இரகசிய எண்ணையும் யாரோ ஒருவரிடம் கொடுத்து நிற்கும் நிலை மாறவேண்டும். நம் படித்த இளைஞர்கள் இப்பணியை ஏற்றுக்கொள்ளலாம். பஸ்ராவின் குளியற்கூட வாசலில் நின்ற இரு பயணிகளைப் போல நம்மவர் எவரும் எந்த வாசலிலும் நிற்கலாகாது.

இனி அந்த நீல நோட்டு. என் பாட்டனார் அதைச் செலவிடாமல் வைத்திருந்ததன் காரணத்தை வாப்பா சொன்னார்கள். புறப்படும்போதே அந்த ஒரு தாளை அவர் தனியாகத் துணியில் முடிந்து வைத்தாராம். வழியில் மவுத்தாகிவிட்டால் கஃபனுக்கும் அடக்கத்திற்கும் எவரும் தம் பொருட்டுக் கடன்படக்கூடாது என்பது அவருடைய எண்ணம். அல்லாஹ்வின் அருளால் அவர் நலமாகத் திரும்பினார். இங்கே எந்தக் கடையிலும் அது செல்லாது. ஆனாலும் எடுத்து வைத்துக்கொண்டார். ‘யாருக்கும் கடன்படாமல் போய் வந்தேன் என்பதற்கு இது சாட்சி’ என்பாராம்.

சேகரிப்போர் இன்று அத்தகைய தாளுக்கு நல்ல விலை தருவர் என்று கேள்விப்படுகின்றேன். நாங்கள் அதை விற்கவில்லை. அது மீண்டும் அதே மடிப்புக்குள் இருக்கின்றது.

ஹஜ்ஜை நாடியிருக்கும் நம் ஜமாஅத்தார் அனைவருக்கும் ஹலாலான பொருளையும், அதைக் காக்கும் அறிவையும், எவருக்கும் கடன்படாத மீட்சியையும் வல்ல அல்லாஹ் நல்குவானாக. ஆமீன்.